படபடப்பு நிற்பதற்குள் ஓர் இசிஜி

தலையில் விறகுச் சுமையோடு ஜவ்வாது மலையின் ஏற்றத்தில் நடப்பவரின் இதயம் நிமிடத்துக்கு 140 முறை துடித்தால் அதில் வியப்பில்லை. மேடு ஏற ஏறத் துடிப்பு கூடும். மரத்தடியில் சுமையை இறக்கிவைத்து உட்கார்ந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தணியும். புதிர் அங்கே இல்லை.

அதே மலையில் ஒரு பெண் திண்ணையில் அமர்ந்து முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். களைப்பில்லை, காய்ச்சலில்லை, பயமும் இல்லை. திடீரென்று நெஞ்சுக்குள் ஏதோ தடக்கென்று தட்டுகிறது. அடுத்த நொடியே நாடி நிமிடத்துக்கு 190. கழுத்தில் அடித்துக்கொள்வது எதிரில் இருப்பவர் கண்ணுக்கே தெரிகிறது. தலை லேசாகச் சுற்றுகிறது, உள்ளங்கை வேர்க்கிறது. அரை மணியோ முக்கால் மணியோ கழித்து, தொடங்கியது போலவே ஒரே நொடியில் எல்லாம் நின்றுவிடுகிறது. அதற்குள் வீட்டார் வண்டி பிடித்து ஆலங்காயத்துக்கோ போளூருக்கோ பாதி வழி இறங்கியிருப்பார்கள். மருத்துவமனையில் இசிஜி எடுத்தால் இயல்பாக இருக்கிறது. “ஒண்ணுமில்லம்மா, டென்ஷன்தான்” என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்கள். இரண்டு மாதம் கழித்து மறுபடியும் அதேதான். ஊரில் சிலர் காற்றுக் கோளாறு என்பார்கள், சிலர் மனக்கோளாறு என்பார்கள். நாளாக ஆக அந்தப் பெண்ணே அதை நம்பத் தொடங்கிவிடுவார்.

இது மலைக்கு மட்டும் உரிய கதையன்று. அமெரிக்காவில் 1997-ல் வெளியான ஓர் ஆய்வில், இதே வகை வேகத் துடிப்பு இருப்பது பின்னர் உறுதியான 107 பேரின் பழைய மருத்துவக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தார்கள். பாதிக்கும் மேற்பட்டோருக்கு முதல் பரிசோதனையில் நோய் பிடிபடவே இல்லை. மூன்றில் இரண்டு பங்கினரின் அறிகுறிகள் பீதிக் கோளாறு என்னும் மனநோயின் இலக்கணத்துக்கு அப்படியே பொருந்தின. நகரத்து மருத்துவமனைகளுக்கே இந்த நிலை என்றால், வண்டிக்காகக் காத்திருக்க வேண்டிய ஊர்களில் என்ன நடக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஏன் இது திடீரென்று தொடங்கித் திடீரென்று நிற்கிறது? பயத்தாலோ உழைப்பாலோ வரும் வேகம் அப்படி நடந்துகொள்வதில்லை. அந்தத் ‘திடீர்’தான் நமக்குக் கிடைத்திருக்கும் முதல் துப்பு.

இதயத்துக்கு மேலே இரண்டு அறைகள், கீழே இரண்டு அறைகள். வலது மேலறையின் உச்சியில் சைனஸ் கணு என்ற சிறு திசுத் திட்டு இருக்கிறது. ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை மின்துடிப்பை உண்டாக்குவது அதன் வேலை. அந்த மின்னலை மேலறைகள் முழுவதும் பரவி அவற்றைச் சுருங்கவைக்கிறது. ஆனால் நேராகக் கீழறைக்குள் இறங்க முடியாது. இரண்டு தளங்களுக்கும் நடுவே மின்சாரம் கடத்தாத நார்த்திசு குறுக்கே கிடக்கிறது. அதில் உள்ள ஒரே வாசல் ஏவி கணு. அங்கே அலை கொஞ்சம் தாமதிக்கும். மேலறை ரத்தத்தைக் கீழே தள்ளி முடிப்பதற்கான அவகாசம் அது. பிறகு ஹிஸ் கற்றை என்ற இழைத்தொகுதி வழியாகக் கீழறைகள் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் அலை போய்ச் சேரும்.

இந்த வரைபடம் ஒருவர் கண்டதன்று. கற்றையை சுவிட்சர்லாந்தில் பிறந்த வில்ஹெல்ம் ஹிஸ் 1893-ல் விவரித்தார். ஏவி கணுவை 1906-ல் ஜப்பானியரான சுனாவோ தவாரா, ஜெர்மனியின் மார்பர்க் நகரில் கண்டறிந்தார். சைனஸ் கணுவை பிரிட்டனின் ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் இருவரும் 1907-ல் விவரித்தார்கள். ஃபிளாக் அப்போது மருத்துவ மாணவர். அவர் அதை முதலில் பார்த்தது ஓர் அகழெலியின் இதயத்தில்.

சைனஸ் கணு தானாகவே வேகமெடுப்பது உண்டு. காய்ச்சல், ரத்தசோகை, நீரிழப்பு, தைராய்டு மிகைப்பு, பயம் எல்லாம் அதை விரட்டும். அங்கே கணுவின் மேல் பழி இல்லை. காரணத்தைச் சரிசெய்தால் துடிப்பும் சரியாகிவிடும். இந்த வேகம் படிப்படியாக ஏறிப் படிப்படியாக இறங்கும். திண்ணையில் இருந்த பெண்ணுக்கு வந்தது அதுவன்று என்றால், வேறு எங்கிருந்தோ யாரோ ஆணையிடுகிறார்கள். அல்லது ஆணையே இல்லாமல் ஏதோ ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது.

சுற்றுவது என்றால் என்ன? கோடையில் மலைச்சரிவில் புல் பற்றி எரிவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். தீ முன்னோக்கித்தான் போகும், திரும்பி வராது. பின்னால் கிடப்பது கரி. இதயத் தசையும் அப்படித்தான். ஒருமுறை மின்னலை கடந்துபோன இடம் சிறிது நேரம் எதற்கும் அசையாது. இந்த ஓய்வுக் காலம் நொடியில் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு அளவுதான். அதற்குள் புல் மறுபடி முளைத்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சைனஸ் கணு பொறி வைக்கிறது, தீ இதயம் முழுவதும் பரவுகிறது, எரிய எதுவும் மிச்சமில்லாமல் அணைகிறது. ஒரு துடிப்பு முடிந்தது. புல் முளைத்ததும் அடுத்த பொறி.

இப்போது ஒரு குன்றைச் சுற்றி வளையமாகப் புல் வளர்ந்திருக்கிறது. அடிவாரத்தில் ஓரிடத்தில் பொறி விழுந்தால் தீ இரு பக்கமும் கிளம்பும். மறுபக்கத்தில் இரண்டும் சந்தித்து, மேற்கொண்டு எரிய இடமின்றி அணைந்துவிடும். ஆனால் பொறி விழும் நேரத்தில் ஒரு பக்கத்துப் புல் இன்னும் முளைக்கவில்லை என்றால்? தீ மறுபக்கமாக மட்டும் போகும். அது மெதுவாகக் குன்றைச் சுற்றி வருவதற்குள் முளைக்காத பக்கமும் முளைத்துவிடும். தீ அதிலும் ஏறித் தொடங்கிய இடத்துக்கே வரும். அங்கும் புல் தயார். இனி வெளியிலிருந்து பொறியே வேண்டாம், தீ தானாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் இதயம் ஒருமுறை துடிக்கும். மீள்சுழல் என்று இதைச் சொல்லலாம்.

புதிர் இங்கே அவிழ்கிறது. சுழல் இருக்கும் அல்லது இருக்காது, பாதிச் சுழல் என்று ஒன்று கிடையாது. தவறான கணத்தில் விழும் ஒரே ஒரு கூடுதல் துடிப்பு அதைத் தொடங்கிவைக்கிறது. அந்தப் பெண் உணர்ந்த ‘தடக்’ அதுதான். வளையத்தின் ஏதாவது ஓரிடத்தில் ஒரே ஒரு தடவை தீ பற்றாமல் போனால் சுழல் அந்த நொடியே முடிந்தது.

இது வெறும் கற்பனையில்லை என்று எப்படித் தெரியும்? ஜார்ஜ் ரால்ஃப் மைன்ஸ் என்ற இளம் ஆங்கிலேய உடலியலாளர் 1913-லும் 1914-லும் விலங்குகளின் இதயத் தசையை வளையமாக வெட்டியெடுத்து, அதில் மின்தூண்டலால் அலை ஒன்றைக் கிளப்பினார். அலை ஒரே திசையில் சுற்றிச் சுற்றி வந்தது. வளையத்தை ஓரிடத்தில் கத்தரித்ததும் நின்றுவிட்டது. மனித இதயத்தில் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இன்னொரு தசைப்பாலம் யாருக்காவது இருந்தால், அவர்களுக்கு இப்படிப்பட்ட சுழல் வரக்கூடும் என்றும் 1914-லேயே எழுதினார். அந்த ஆண்டு நவம்பரில் மாண்ட்ரியலில் தன் ஆய்வகத்திலேயே, கருவிகள் உடலோடு இணைக்கப்பட்ட நிலையில் மயங்கிக் கிடந்தார். அன்றிரவே இறந்துபோனார். வயது 28.

அவர் சொன்னதைச் சரிபார்க்க அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று. 1930-ல் பாஸ்டனைச் சேர்ந்த வுல்ஃப், வைட் இருவரும் லண்டனைச் சேர்ந்த பார்க்கின்சனும் ஒரே மாதிரியான விநோத இசிஜி கொண்ட 11 பேரைப் பற்றி எழுதினார்கள். எல்லாரும் மற்றபடி ஆரோக்கியமானவர்கள், அவ்வப்போது வேகத் துடிப்பு வந்து போகும். மூவரின் பெயர்களின் முதலெழுத்தால் டபிள்யூபிடபிள்யூ என்று இன்றும் அது அழைக்கப்படுகிறது. 1967-ல் ஆம்ஸ்டர்டாமில் டூரர் குழுவினர் இப்படிப்பட்டவர்களின் இதயத்துக்குள் மெல்லிய மின்கம்பியைச் செலுத்தினார்கள். சரியான கணத்தில் ஒரு தூண்டல் கொடுத்துச் சுழலைத் தொடங்கினார்கள், இன்னொரு தூண்டலால் நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு, 1968 மே மாதத்தில், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மருத்துவமனையில் வில் சீலி என்ற அறுவை மருத்துவர், மீனவர் ஒருவரின் நெஞ்சைத் திறந்து அந்தத் தசைப்பாலத்தை வெட்டினார். துடிப்பு நோய் போயிற்று. மைன்ஸ் வளையத்தில் போட்ட வெட்டுதான் அது, இம்முறை உயிருள்ள மனிதருக்குள்.

மருத்துவ வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பக்கங்களில் இது ஒன்று. நோயைத் தொடங்கவும் முடிந்தது, நிறுத்தவும் முடிந்தது, வழியை வெட்டினால் மறுபடி வரவில்லை. ஒரு விளக்கம் சரியா என்று கேட்பதற்கு இதைவிட நேர்மையான வழி தெரியவில்லை.

டபிள்யூபிடபிள்யூ உள்ளவர்களுக்குக் கூடுதல் பாலம் பிறவியிலேயே இருக்கும். ஆனால் பாலம் இல்லாமலும் சுழல் வரும், உண்மையில் அதுதான் பெரியவர்களிடம் அதிகம். ஏவி கணுவை ஒட்டியே சிலருக்கு இரண்டு தடங்கள் இருக்கின்றன. ஒன்றில் அலை வேகமாகப் போகும், ஆனால் புல் முளைக்க நேரமாகும். மற்றதில் மெதுவாகப் போகும், ஆனால் சீக்கிரம் முளைத்துவிடும். முந்திரிக்கொட்டையாக வரும் ஒரு துடிப்பு மெதுத்தடத்தில் இறங்கி வேகத்தடத்தில் ஏறினால் சுழல் தயார். இது ஆண்களைவிடப் பெண்களிடமே மிகுதி. மேலே சொன்ன பெண்ணின் கதை அவ்வளவு பரவலாக இருப்பதற்கு அது ஒரு காரணம். மனநோய் என்ற முத்திரை அவர்கள் மேல் எளிதாகக் குத்தப்படுவது இன்னொரு காரணம்.

இனி நோயறிதலுக்கு வருவோம். இந்த நோயின் சங்கடம், அது இல்லாத நேரத்தில் பெரும்பாலும் தடயமே இல்லை என்பது. எக்கோவில் இதயம் நன்றாகவே இருக்கும். ரத்தப் பரிசோதனை எதையும் சொல்லாது. சுழல் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த இசிஜி மட்டுமே பேசும்.

ஜவ்வாது மலைக்கு இப்படிப்பட்ட பதிவின் அருமை தெரியாததில்லை. அதே மலையில் உள்ள காவலூர் வான் ஆய்வகத்தில் 1977 மார்ச் 10 அன்று, யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்கப்போவதைப் பதிவுசெய்ய ஒரு மீட்டர் தொலைநோக்கி தயாராக இருந்தது. கோள் மறைப்பதற்கு முன்பே விண்மீன் சில நொடி மங்கித் தெளிந்தது. இந்தியப் பெருங்கடலின் மேல் பறந்த அமெரிக்க ஆய்வு விமானத்தின் பதிவையும் மற்ற பதிவுகளையும் சேர்த்துப் பார்த்தபோது, யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரியவந்தது. அந்த நொடிகளில் கருவி ஓடிக்கொண்டிருக்காவிட்டால் காவலூருக்குச் சொல்ல எதுவும் இருந்திருக்காது. யுரேனஸ் எப்போது வரும் என்று முன்கூட்டியே கணக்கிடலாம். படபடப்பை அப்படிக் கணக்கிட முடியாது. ஆகவே அது வரும்போது அருகில் எந்தக் கருவி இருக்கிறதோ அதுதான் சிறந்த கருவி.

இதயத்தின் மின்சாரத்தை உடலின் மேற்பரப்பிலிருந்தே பதியலாம் என்று முதலில் காட்டியவர் லண்டனில் அகஸ்டஸ் வாலர், 1887-ல். அதைத் துல்லியமாக்கி மருத்துவத்துக்குக் கொடுத்தவர் நெதர்லாந்தின் வில்லெம் ஐந்தோவன். 1924-ல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய கருவி ஓர் அறையை அடைத்துக்கொண்டது. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தின் மேசை மேல் இருக்கும் சிறு பெட்டி அந்த வேலையைச் சில நிமிடத்தில் செய்கிறது. தாள் நொடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் நகரும். மேலறை சுருங்குவதற்கு ஒரு சிறு மேடு, கீழறை சுருங்குவதற்கு ஒரு கூர்மையான கோபுரம்.

வேகத் துடிப்பின்போது எடுத்த இசிஜியில் மருத்துவர் முதலில் பார்ப்பது கோபுரத்தின் அகலத்தை. மூன்று சிறு கட்டங்களுக்குக் குறைவாக, அதாவது 0.12 நொடிக்குள் இருந்தால், அலை ஹிஸ் கற்றை என்னும் ராஜபாட்டை வழியாகத்தான் கீழறைக்குள் இறங்கியிருக்கிறது. கோளாறு மேல்தளத்திலோ வாசலிலோ இருக்கிறது, பெரும்பாலும் உயிருக்கு உடனடி ஆபத்தில்லை. அகலமாக இருந்தால் அலை கீழறைத் தசையிலேயே பிறந்து, தசைக்குத் தசை தாவி மெதுவாகப் பரவியிருக்கலாம். முன்பு மாரடைப்பு வந்து தழும்பு விழுந்த இதயத்தில் அந்தத் தழும்பைச் சுற்றியும் மீள்சுழல் ஓடும். இது ஆபத்தானது. அகலக் கோபுரத்துக்குச் சாதுவான விளக்கங்களும் உண்டு. ஆனாலும் வேறு என்று நிரூபணமாகும் வரை கீழறை வேகத் துடிப்பு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது உலகெங்கும் மருத்துவர்களுக்குக் கற்றுத்தரப்படும் விதி. இரண்டாவதாகப் பார்ப்பது ஒழுங்கை. கோபுரங்கள் சம இடைவெளியில் நிற்கின்றனவா, தாறுமாறாகவா?

எத்தனை முயன்றும் சிலருக்கு இசிஜி சிக்காது. அமெரிக்காவில் நார்மன் ஹோல்டர் 1940-களில் செய்த முதல் நடமாடும் பதிவுக்கருவி சுமார் 38 கிலோ எடை. முதுகில் கட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும். இன்று அவர் பெயர் தாங்கிய கருவி உள்ளங்கையில் அடங்கும். ஒருநாள் முழுக்க மார்பில் ஒட்டிக்கொண்டு வேலை பார்க்கலாம். மாதம் ஒருமுறை வரும் படபடப்புக்கு ஒருநாள் பதிவு போதாது. வாரக்கணக்கில் பதியும் கருவிகளும், கைபேசியோடு இணைத்து விரல் வைத்தால் ஒற்றைக் கோட்டு இசிஜி எடுக்கும் கருவிகளும் வந்திருக்கின்றன. நாடியை எண்ணும் கைக்கடிகாரம் வேறு, இசிஜி எடுக்கும் கைக்கடிகாரம் வேறு. முன்னது வேகத்தை மட்டுமே சொல்லும்.

சிகிச்சையின் முதற்படிக்கு மருந்தே வேண்டாம். வாசலில் இருக்கும் ஏவி கணு, வேகஸ் என்ற நரம்பின் பேச்சைக் கேட்கும். அந்த நரம்பை உசுப்பினால் வாசல் ஒரு கணம் மூடும், அதன் வழியாகச் சுற்றும் சுழல் அறுபடும். மூச்சைப் பிடித்து முக்குவது பழைய முறை. 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், இங்கிலாந்தின் 10 அவசர சிகிச்சைப் பிரிவுகளில் 428 பேரை வைத்து ஒரு சிறு மாற்றத்தைச் சோதித்தார்கள். நோயாளியைச் சாய்வாக உட்காரவைத்து 15 நொடி அழுத்தி ஊதச் சொல்ல வேண்டும். 10 மில்லி சிரிஞ்சின் தண்டு லேசாக நகரும் அளவுக்கு ஊதினால் போதும். ஊதி முடித்ததும் உடனே மல்லாக்கப் படுக்கவைத்து, கால்களை உயர்த்தி 15 நொடி பிடித்துக்கொள்ள வேண்டும். பழைய முறையில் 17 விழுக்காட்டினருக்கு நின்ற வேகத் துடிப்பு, இந்த முறையில் 43 விழுக்காட்டினருக்கு நின்றது. கால் தூக்கும்போது ரத்தம் இதயத்துக்குத் திரும்பி வருவது நரம்பை மேலும் உசுப்புகிறது. செலவு ஒரு சிரிஞ்சு. மலை மேல் உள்ள ஒவ்வொரு செவிலியருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் முதலில் இசிஜி, பிறகு ஊதல். முறை மாறினால் நோய் நின்றுவிடும், தடயமும் போய்விடும்.

அதற்கும் மசியாவிட்டால் அடினோசின் ஊசி. நம் உடலிலேயே உள்ள பொருள் அது. இதயத்தின் வேகத்தை அது குறைப்பதை 1929-ல் டிரூரியும் சென்ட்-ஜியார்ஜியும் காட்டினார்கள். ரத்தத்தில் சில நொடிகள்தான் நிலைக்கும். அந்த நொடிகளில் வாசல் முழுவதுமாக மூடிக்கொள்ளும். திரையில் கோடு நேராகப் படுத்துவிடும், நோயாளிக்கு நெஞ்சை யாரோ அழுத்துவது போலிருக்கும், பிறகு சைனஸ் கணு மறுபடி பொறுப்பேற்கும். இதை மின்னதிர்ச்சிக் கருவி பக்கத்தில் இருக்கும் இடத்தில்தான் போட வேண்டும். ரத்த அழுத்தம் சரிந்தால், நினைவு தப்பினால், மருந்துக்குக் காத்திருக்காமல் மின்னதிர்ச்சி கொடுப்பார்கள். துடிப்போடு இசைந்த நேரத்தில் நேர்மின்னோட்ட அதிர்ச்சி கொடுத்தால் பாதுகாப்பு என்று பெர்னார்ட் லௌன் 1962-ல் காட்டிய முறைதான் இன்றும்.

இவையெல்லாம் அன்றைய தாக்குதலை நிறுத்துபவை. அடுத்தது வராமல் தடுக்க மெட்டோப்ரோலால், வெரபமில் போன்ற மாத்திரைகள் உதவும். டபிள்யூபிடபிள்யூ உள்ள சிலருக்கு வெரபமிலே ஆபத்தாகும் என்பதால், அடுத்த வீட்டுக்காரரின் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் இந்த நோயில் உயிரோடு விளையாடுவது. ஆனால் மாத்திரை நிறுத்தினால் நோய் திரும்பும். குணம் என்ற சொல்லுக்குத் தகுதியானது வேறொன்று: தீத்தடுப்புக் கோடு.

கோடைக்கு முன்னால் வனத்துறையினர் காட்டில் புல்லைச் செதுக்கி நீளமாகக் கோடு போடுவதைப் பார்த்திருப்பீர்கள். இதயத்துக்குள்ளும் அதேதான். தொடையிடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டு, அங்கிருக்கும் சிரை வழியாகக் கம்பி போன்ற மெல்லிய குழாய்களை இதயத்துக்குள் அனுப்புவார்கள். அவற்றின் நுனியில் உள்ள மின்முனைகள் அலை எந்த வழியில், எந்த நேரத்தில் போகிறது என்று உள்ளிருந்தே பதியும். மருத்துவர் வேண்டுமென்றே சுழலைத் தொடங்கிப் பார்ப்பார். மேசையில் படுத்திருப்பவர் “இதேதான், இதேதான் வரும்” என்று சொல்வதைக் கேட்டிருக்கும் மருத்துவர்கள் பலர். எத்தனையோ ஆண்டு நம்பப்படாத ஒருவருக்கு அந்த நொடியே பாதிக் குணம். வழி தெரிந்ததும் குழாயின் நுனியில் ரேடியோ அலைவரிசை மின்சாரம் செலுத்தி, சில மில்லிமீட்டர் திசுவைச் சுமார் 50, 60 டிகிரி வெப்பத்தில் செயலிழக்கச் செய்வார்கள். அப்லேஷன் என்று மருத்துவமனைகளில் சொல்வது இதைத்தான். வளையம் துண்டாகிவிட்டது, தீ சுற்றுவதற்கு இடமில்லை.

1991-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஜாக்மன் குழுவினர் கூடுதல் பாலம் உள்ள 166 பேருக்கு இதைச் செய்து 164 பேரிடம் வெற்றி கண்டார்கள். நெஞ்சைத் திறந்து செய்யும் அறுவை சிகிச்சை அதன் பிறகு ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. இரண்டு தடச் சுழலிலும் வெற்றி நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல். வாசலே சேதமாகி நிரந்தர பேஸ்மேக்கர் தேவைப்படும் ஆபத்து நூற்றில் ஒருவருக்கும் குறைவு. பெரும்பாலோர் ஓரிரு நாளில் வீடு திரும்பிவிடுவார்கள். சென்னையிலும் மலையடிவாரத்துக்கு அப்பால் வேலூரிலும் இது நடக்கிறது. காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் அதில் இந்தச் சிகிச்சைக்கு இடமிருக்கிறதா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் தயங்காமல் கேட்க வேண்டும்.

இதுவரை சொன்னவை ஒழுங்கான வேகத் துடிப்புகள். தாறுமாறானதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் நாட்டில் அது இளம்வயதினரையும் முடக்குகிறது. மேலறை நடுக்கம், மருத்துவர்கள் பேச்சில் ஏஎஃப். மேலறைகளில் ஒரு சுழலுக்குப் பதில் ஒழுங்கற்ற அலைகள் ஒரே நேரத்தில் அலைமோதும். மேலறை சுருங்காமல் வெறுமனே நடுங்கும். வாசலுக்கு வந்து சேரும் அலைகளில் எது உள்ளே நுழையும் என்று சொல்ல முடியாததால் நாடி எந்த ஒழுங்கும் இல்லாமல் துடிக்கும்.

இதன் முதல் துப்பைப் பிடித்தவர் பெருநகரப் பேராசிரியர் அல்லர், இங்கிலாந்தின் பர்ன்லி என்ற ஆலை ஊரில் பொதுமருத்துவராக இருந்த ஜேம்ஸ் மெக்கன்சி. மணிக்கட்டு நாடியையும் கழுத்துச் சிரையின் அசைவையும் ஒரே தாளில் சேர்த்து வரையும் கருவியை வைத்துக்கொண்டு, அதே நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார். ருமாட்டிக் வால்வு நோயுள்ளவரின் நாடி தாறுமாறானபோது, கழுத்துச் சிரையில் மேலறைச் சுருக்கத்தால் வரும் அலை காணாமல் போயிருந்தது. அது நடுக்கம் என்பதை 1909-ல் லண்டனில் தாமஸ் லூயிஸ் இசிஜி வழியே நிறுவினார். ஒரே ஊர் மக்களைத் தொடர்ந்து கவனித்த ஒரு மருத்துவரால் இவ்வளவு பார்க்க முடிந்தது என்பது நம் கிராமப்புற மருத்துவர்கள் நினைவில் வைக்கத்தக்கது.

நடுங்கும் மேலறையில் ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். மேலை நாடுகளில் இது முதுமை நோய். நம்மிடம் ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு சுருங்கிய முப்பது, நாற்பது வயதுப் பெண்களுக்கும் வருகிறது. சிறுவயதில் கவனிக்கப்படாத தொண்டைப் புண்ணில் அதன் வேர் இருக்கிறது. ஒருமுறை ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டுவந்தால் வால்வு மேலும் கெடாமல் காக்கலாம்.

உறைவைத் தடுக்க வார்ஃபரின் மாத்திரை உண்டு. ஆனால் அதன் அளவைச் சரிபார்க்க அடிக்கடி ரத்தம் சோதிக்க வேண்டும். மலைவாசிகளுக்கு அதற்காக ஒருநாள் கூலி போகும். அந்தச் சோதனை தேவைப்படாத புதிய மருந்துகள் வந்தபோது, இனி தொல்லை தீர்ந்தது என்றே எல்லாரும் நினைத்தார்கள். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணேசன் கார்த்திகேயனும் கனடாவின் ஸ்டூவர்ட் கானலியும் முன்னின்று, 24 நாடுகளில் ருமாட்டிக் ஏஎஃப் உள்ள 4,500-க்கும் மேற்பட்டோரிடம் ரிவராக்ஸபான் என்ற புதிய மருந்தைப் பழைய மருந்தோடு ஒப்பிட்டார்கள். 2022-ல் முடிவு வந்தது. பழைய மருந்து எடுத்தவர்களிடையே இறப்பு குறைவு. வசதியான விடையே சரியான விடை என்று கொள்ளாமல் சோதித்துப் பார்த்ததால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் உண்டு. ஆகவே சுருங்கிய வால்வோடு ஏஎஃப் உள்ளவர்கள், யார் சொன்னாலும் மருத்துவரைக் கேட்காமல் வார்ஃபரினை நிறுத்தக் கூடாது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பணியாளர்கள் வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் மணிக்கட்டில் மூன்று விரலை அரை நிமிடம் வைத்து நாடி ஒழுங்கா என்று பார்ப்பதையும் சேர்த்துக்கொண்டால், பக்கவாதம் வருவதற்கு முன்பே பல ஏஎஃப் நோயாளிகள் தெரியவருவார்கள். இதற்குப் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை.

கீழறை வேகத் துடிப்பு முற்றிக் கீழறை நடுக்கமாக மாறினால் ரத்த ஓட்டமே நின்றுவிடும். அதற்கு உடனடி மின்னதிர்ச்சி ஒன்றே மருந்து. மார்புக்குள்ளேயே பதித்து, தேவைப்படும்போது தானாக அதிர்ச்சி கொடுக்கும் கருவியை மிஷல் மிரோவ்ஸ்கி குழுவினர் 1980 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதன்முதலில் ஒருவருக்குப் பொருத்தினார்கள். தன் ஆசான் ஒருவரை இந்த நோய்க்குப் பறிகொடுத்தபிறகு மிரோவ்ஸ்கி தொடங்கிய வேலை அது. படபடப்போடு மயங்கி விழுந்தவர்கள், ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள், குடும்பத்தில் இளவயதில் யாராவது திடீரென்று இறந்திருப்பவர்கள், இவர்கள் ஒருநாளும் காத்திருக்கலாகாது. படபடப்போடு நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், மயக்கம் என்று எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை படபடப்பு தொடங்கியதும் பெரிய மருத்துவமனையை நினைத்துக்கொண்டு மலையிறங்கப் புறப்படாதீர்கள். மிக அருகில் இசிஜி பெட்டி இருக்கும் சுகாதார நிலையத்துக்குப் போய், “இப்போது அடித்துக்கொண்டிருக்கிறது, உடனே எடுத்துவிடுங்கள்” என்று கேளுங்கள். மருத்துவர் இல்லாவிட்டாலும் செவிலியர் எடுக்கலாம். ஊதச் சொல்லி நிறுத்தினால், நிற்கும் நேரத்திலும் கருவி ஓடட்டும். மறுநாள் செய்யும் விலையுயர்ந்த சோதனைகளைவிட அந்த ஒரு தாள் அதிகம் சொல்லும். இசிஜி தாளில் அச்சு வெப்பத்தால் விழுவது, நாளடைவில் மங்கிவிடும். அன்றே கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், நகல் ஒன்று போட்டு ரேஷன் அட்டையோடு வையுங்கள், வேலூருக்கோ சென்னைக்கோ இதய மருத்துவரைப் பார்க்கப் போகும்போது முதலில் அதை நீட்டுங்கள்.